திறக்காமல் அறியும் கை

நல்ல கியர் மெக்கானிக்கை அடையாளம் காண ஒரு வழி உண்டு. கியர் டைட்டாக விழுகிறது என்று கார் வந்து நின்றால் அவர் ஸ்பானரைத் தேட மாட்டார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முதலில் எஞ்சினை அணைப்பார். கிளட்ச்சை மிதித்து, ஒன்றாம் கியரிலிருந்து ரிவர்ஸ் வரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுப்பார். பல்லுக்குப் பல் முட்டி ஏதாவது ஒன்று விழ மறுத்தால், பையனை விட்டுக் காரை ஒரு சாண் தள்ளச் சொல்லி மறுபடி போடுவார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்வார். ஒரு நிமிட வேலைதான். அதற்குள் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் பாதி கழன்றுவிடும்.

அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழும் கியர், எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுதாகக் கட் ஆகவில்லை. ஓடினாலும் அணைத்தாலும் ஒரே இறுக்கம் என்றால், கியர் ராடுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் புஷ், கேபிள், லிங்கேஜ், உள்ளே செலக்டர் இவற்றில் ஒன்று சிக்குகிறது. நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்து, ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் தகராறு செய்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங்கைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிரிக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்பவர்கள் சிலர்தான். அவர்களுடைய திறமை கேள்விகளின் வரிசையில் இருக்கிறது. எதை முதலில் கேட்டால் எதையெல்லாம் கேட்கத் தேவையில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த வரிசையை ரசிக்கப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றாம் கியரின் விகிதம் 3.5, இரண்டாம் கியரின் விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இருக்கும்போது கியர் மாற்றுகிறோம். கார் அதே வேகத்தில் உருண்டுகொண்டிருக்க, பெட்டிக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட் 3,000 சுற்றிலிருந்து ஏறக்குறைய 1,700க்கு இறங்கினால்தான் இரண்டாம் கியரின் பற்கள் சத்தமில்லாமல் பூட்டும். அந்தக் கண நேர வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங் என்னும் சின்னப் பித்தளை வளையம். கியரின் கோன் மீது அது அழுந்தி, உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமாகும்வரை அதன் சரிவான பற்கள் கியரைப் பூட்டும் ஸ்லீவுக்கு வழிவிடாது. வளையத்தின் உட்புறத்தில் திருகு மரைபோல மெல்லிய வரிகள் ஓடும். நடுவில் படிந்திருக்கும் ஆயில் படலத்தை அறுத்து விலக்குவதற்காகவே அவை வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த வரிகள் தேய்ந்து மழுங்கினால் வளையம் ஆயில் மீது வழுக்கும், பிடிக்காது.

ஏர்ல் தாம்ப்ஸன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இந்த ஏற்பாட்டை 1928இல் கேடிலாக் நிறுவனம் முதன்முதலாகக் காரில் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இந்த வேலை முழுவதும் ஓட்டுநரின் காலிலும் காதிலும்தான் இருந்தது. நம் ஊரில் பழைய லாரி, பஸ் ஓட்டியவர்கள் அதை டபுள் கிளட்ச் என்பார்கள். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, கியர் இறக்குவதானால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டுச் சுற்றை ஏற்றி, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். இன்றைக்கும் மெக்கானிக்குக்கு அது அருமையான சோதனை. சாதாரணமாகப் போட்டால் கடிக்கும் மூன்றாம் கியர், டபுள் கிளட்ச் போட்டதும் வெண்ணெயில் கத்திபோல இறங்குகிறதா? சிங்க்ரோ ரிங் செய்ய வேண்டியதை ஓட்டுநரின் கால் செய்துவிட்டது. குறை அந்த ரிங்கில்தான்.

கிளட்ச் பக்கம் கணக்கு இன்னும் நுட்பமானது. பெடலை எவ்வளவு ஆழமாக மிதித்தாலும் பிரஷர் பிளேட் பின்வாங்குவது ஒரு மில்லிமீட்டர், அதற்குச் சற்று மேல். அந்த இடைவெளிக்குள்தான் கிளட்ச் பிளேட் இரு பக்கமும் உரசாமல் மிதக்க வேண்டும். பிளேட் லேசாகக் கோணியிருந்தாலோ, கேபிள் தளர்ந்திருந்தாலோ, மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் பிளேட்டின் நடுப்பகுதி ஷாஃப்டின் பள்ளங்களில் துருவோடு ஒட்டியிருந்தாலோ உரசல் மிச்சம் இருக்கும். இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகினால், கிளட்ச் ஒழுங்காகக் கட் ஆகியும் எஞ்சின் அந்த ஷாஃப்டை இழுத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஷாஃப்டையும் ஒரு பிளேட்டையும் மட்டும் அடக்க வேண்டிய பித்தளை வளையம் அப்போது முழு எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறது. ராடில் நம் உள்ளங்கை உணரும் இறுக்கம் அந்த மல்லுக்கட்டுதான்.

சென்னையில் ஒரு பட்டறையில் நான் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். வந்தது ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பழைய கார். வேறு இடத்தில் பெட்டியை இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பட்டறைப் பெரியவர் காரின் சொந்தக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி: "டைட்டா இருக்கா, கடிக்குதா சார்?" இரண்டும் வேறு வேறு நோய் என்பது அந்தக் கேள்வியிலேயே அடங்கியிருந்தது. இறுக்கம் என்றால் எதுவோ வழியை மறிக்கிறது. கடிப்பது என்றால் வேகம் சமமாகும் முன்பே வழி திறந்துவிடுகிறது. "காலையில எடுக்கும்போதா, சூடான பிறகா?" அடுத்த கேள்வி. எந்நேரமும் டைட்டுதான் என்றார் அவர்.

எஞ்சினை அணைத்துப் போட்டுப் பார்த்ததில் எல்லாக் கியரும் சுகமாக விழுந்தன. ஓடவிட்டதும் ஒன்றாம் கியர் மறுத்தது. கிளட்ச்சை மிதித்தபடியே நான்கைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸைத் தொட்டார், கரகரவென்று கத்தியது. பல கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுதாகக் கட் ஆகியிருந்தால் அந்தப் பொறுத்த நேரத்துக்குள் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். பிறகு பெடலை வேகவேகமாக மூன்று தரம் அடித்து மிதித்துக் கியரைப் போட்டார். விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் இறங்கி வண்டிக்கு அடியில் போனார். ஸ்லேவ் சிலிண்டரின் முனையில் இருந்த ரப்பர் உறையை விரல் நுனியால் மடக்கினார். உள்ளே தேங்கியிருந்த பிரேக் ஆயில் அவர் மணிக்கட்டு வரை வழிந்தது. "பாக்ஸ் நல்லாருக்கு சார். வாஷர் கிட் மட்டும் மாத்திருவோம்," என்றார். கிட் மாற்றி, பையன் பெடலை மிதிக்க மிதிக்க இவர் கீழே ஏர் எடுத்து முடித்தபோது, ஒன்றாம் கியர் இரண்டு விரலுக்கு விழுந்தது.

இப்படிப் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே போவதில், சாதாரணமான காரணங்களை முதலில் விலக்கும் பணிவும் சேர்ந்தது. பெடலுக்கு அடியில் தடித்த மேட் இரண்டு அடுக்காகக் கிடந்தால் போதும், கிளட்ச் கடைசி வரை இறங்காது. எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தால் ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் அசைந்து லிங்கேஜை இழுக்கும். சமதளத்தில் குறையே தெரியாது. ஊட்டியில் விடியற்காலையில் இரண்டாம் கியர் மறுத்து, நாலு கிலோமீட்டர் ஓடியதும் இளகினால் ஆயிலைக் கேட்க வேண்டும். எந்தப் பெட்டிக்கும் 90 ஆயில் ஊற்றுகிற பழைய பழக்கம், அதைவிட மெல்லிய ஆயிலுக்காகச் செய்யப்பட்ட இன்றைய பெட்டிகளுக்குப் பொருந்தாது. கிரவுன்-பினியனின் கடும் அழுத்தத்துக்கென்று தயாரான ஜிஎல்-5 ஆயிலின் வழுக்கல், பித்தளை வளையம் பிடிக்க வேண்டிய பிடியையே கெடுக்கலாம். அதில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கவும் கூடும். கைநூலில் எழுதிய கிரேடைப் பார்த்து ஊற்றுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

பெட்டியைத் திறந்தே ஆக வேண்டிய வேளையும் வரும். அப்போதும் தேர்ந்த கை அவசரப்படாது. வளையத்தைக் கோன் மீது அழுத்தி, அதற்கும் கியரின் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைக்கும். புதிதில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும் அந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் வளையத்தை மாற்றச் சொல்கின்றன பல கைநூல்கள். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் புது ரிங் வாங்கி வந்து கோத்துக்கொடுப்பதோடு சிலர் முடித்துக்கொள்வார்கள். தேர்ந்தவர் இன்னொரு படி இறங்கி, இந்த ரிங் ஏன் தேய்ந்தது என்று கேட்பார். கட் ஆகாத கிளட்ச்சோடு மாதக்கணக்கில் ஓட்டியதால் தேய்ந்தது என்றால், கிளட்ச்சைச் சரிசெய்யாமல் போட்ட புது ரிங்கும் அதே வழியில் போகும். காரணத்துக்குக் காரணம் தெரியும்வரை அவர் கணக்கில் வேலை முடியவில்லை.

இவ்வளவு செய்தும் இந்தக் கலையில் கடைசியில் எடுத்துக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. மேஜையில் பரப்பிய பல்சக்கரங்கள் இருக்காது. பெட்டி இறக்கிய கூலி பில்லில் இருக்காது. மாற்றியது ஒரு ரப்பர் வாஷர் என்றால், அதற்கா இவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். நாம் கொடுப்பது வாஷருக்கான விலை இல்லை, பெட்டியைத் திறக்காமல் விட்டதற்கான விலை. அதை முழு மனதோடு கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்கவும் வேண்டும். அவர் சொல்லும் பதிலை, பக்கத்தில் துணியும் கையுமாக நிற்கும் பையனும் கேட்பான். இந்த வித்தை அடுத்த கைக்குப் போவது அப்படித்தான்.