செம்மாடக் கனவில் நாடியும் மருந்தும்

சீன உரைநடை இலக்கியத்துள் தலைசிறந்ததாகப் போற்றப்பெறும் 'ஹோங்லோ மெங்', 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாவ் சுவேசின் என்பாரால் எழுதப்பெற்றது. அப்பெயரைச் 'செம்மாடக் கனவு' எனத் தமிழாக்கலாம். நெடுங்காலம் கையெழுத்துப் படிகளாகவே வழங்கிய இந்நூல், 120 இயல்களோடு 1791-இல் முதன்முதல் அச்சேறியது. அவற்றுள் முதல் 80 இயல்களே சாவ் சுவேசின் எழுதியவை என்பது ஆய்வாளர் பலரது கொள்கை.

இந்நூலில் நாடி பார்த்தலும் மருந்து எழுதுதலும் பலவிடத்து வருகின்றன. அவ்விடங்களை ஆசிரியர் தம் பல்துறைப் புலமையைக் காட்டச் சேர்த்தவை எனக் கருதித் தாண்டிச் செல்வாரும் உளர். மருத்துவக் குறிப்பேடுபோற் பிரித்தெடுத்து ஆராய்வாரும் உளர். இருதிறத்தாரும் அப்பகுதிகளைக் கதையினின்றும் வேறாக்கி விடுகின்றனர். அவை கதையின் உயிர்நிலையோடு பிணைந்தவை என்பதை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

பத்தாம் இயலில் ஜியா குடும்பத்து இளைய மருமகள் சின் கெச்சிங் நோயுற்றுக் கிடக்கின்றாள். மருத்துவர் பலர் வந்து போகின்றனர். ஒருவர் கருவுற்றாள் என்கின்றார்; மற்றொருவர் நோய் என்கின்றார். இந்நிலையில் சாங் யோஷி என்பவர் அழைக்கப்படுகின்றார். இவர் மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். தம் மகனுக்குப் பதவி தேடித் தலைநகர் வந்தவர். அழைப்புப் பெற்ற அன்றே அவர் புறப்படவில்லை. பகலெல்லாம் பலரைக் கண்டு களைத்தமையால் நாடி பார்த்தற்குரிய மனநிலை தமக்கு இல்லை என்று கூறி, ஓர் இரவு ஓய்ந்து மறுநாள் வருகின்றார். நோய் வரலாற்றைக் கணவன் கூற முற்படுங்கால், முதலில் நாடி பார்த்துப் பின்னர்க் கேட்போம் என்கின்றார்.

ஓய்வு வேண்டியதன் காரணத்தை அம்மருத்துவ முறையை அறிந்தாலன்றி உணர்தல் இயலாது. சீன மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, சுன், குவான், சி என்னும் மூவிடத்தும் துடிப்பை உணர்வர். இடக்கையில் அவை முறையே இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு உரியன. வலக்கையில் முதலிரண்டும் நுரையீரலுக்கும் மண்ணீரலுக்கும் உரியன. துடிப்பின் விரைவை அளக்கும் கருவி மருத்துவரது மூச்சே. ஒரு மூச்சுக்கு நான்கைந்து துடிப்பு இயல்பு. மிகின் விரைவு, குறையின் மந்தம். எனவே அளப்பவன் மூச்சு அமைதியின்றி இருப்பின் அளவும் பிழைபடும். 'நாடி' என்னும் சொல்லை நாம் ஆள்வதனாலே, இதனை நம் சித்த மருத்துவர் கூறும் வாத பித்த ஐய நாடிகளோடு ஒன்றெனக் கருதுதல் கூடாது.

சாங் யோஷி கண்டவை யாவை? இடக்கையில் இதய நாடி ஆழ்ந்து விரைகின்றது. கல்லீரல் நாடி ஆழ்ந்து மறைந்துள்ளது. வலக்கையில் நுரையீரல் நாடி மெலிந்து வலிவற்றது. மண்ணீரல் நாடி வெறுமையுற்றது. ஐம்பூதக் கொள்கைப்படி, கல்லீரலாகிய மரம் மண்ணீரலாகிய மண்ணை அடர்த்தது என்பது அவர் துணிபு. அவர் எழுதும் மருந்துச்சீட்டு இத்துணிபைச் சரக்குகளால் மீண்டும் கூறுகின்றது. ஜின்செங், அதிமதுரம் முதலிய நான்கு சரக்குகள் மண்ணீரலுக்கு வலிவூட்டுவன; தாங்குய் முதலிய நான்கு குருதியை வளர்ப்பன. கல்லீரலின் அடைப்பை நீக்கச் சாய்ஹூவும், நம் நாட்டிலும் வழங்கும் கோரைக்கிழங்கும் சேர்கின்றன. மொத்தச் சரக்கு 14. துணையாகத் தாமரை விதை 7, சிவந்த இலந்தை 2. ஆதலின் இது வெறும் பெயரடுக்கு அன்று. நாடியிற் கண்டதற்கு எழுதிய உரை.

எனினும் அவர் உடலோடு நிற்கவில்லை. இப்பெண் மிகுந்த அறிவும் உயர்ந்த உள்ளமும் உடையவள். அறிவு மிக்கார்க்கு மனத்துக்கு ஒவ்வாதவை பல. அவற்றை எண்ணி எண்ணியே மண்ணீரல் நைந்தது என்கின்றார். பெரியதொரு குடும்பத்தில் மருமகள் வாய்விட்டுச் சொல்ல இயலாததை அவள் மணிக்கட்டுச் சொல்லிவிடுகின்றது. ஆனால் எது மனத்துக்கு ஒவ்வாதது என்பதை மருத்துவர் கூறவில்லை. இளவேனிற் சமநாள் கடந்தால் நலம் பெறலாம் என்று முடிக்கின்றார். கணவனும் குறிப்பறிந்து மேலே வினவவில்லை.

ஈண்டு ஒரு தடை எழலாம். ஐந்தாம் இயலிற் காணப்படும் ஓவியம் இவள் மாடத்தில் தூக்கிட்டு இறப்பாள் எனக் குறிப்பால் உணர்த்துகின்றது. 1754-ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய கையெழுத்துப் படியின் உரைக்குறிப்பு, அவளது இழிவுற்ற இறப்பைக் கூறிய ஏடுகள் நான்கைந்து ஆசிரியரால் நீக்கப்பெற்றன என்கின்றது. அங்ஙனமாயின், இந்நோய் இறப்புக்கு வேறு காரணம் காட்டப் பின்னர் ஒட்டிய ஒட்டு ஆகாதோ எனின், ஆகலாம். ஆயினும் ஒட்டு என்பதனால் அதன் பொருள் குன்றாது. பதின்மூன்றாம் இயலில் இறப்புச் செய்தி கேட்டோர் வியந்து ஐயுறுகின்றனர் என்னும் தொடர் நீக்கப்படாமல் நிற்கின்றது. ஏடுகள் போயின; சொல்லப்படாத துயர் ஒன்று உண்டு என்னும் நாடியின் சான்று எஞ்சியது.

69-ஆம் இயலை இதனோடு வைத்து நோக்குக. ஹூ சுன்றோங் என்னும் மருத்துவன் யோ எர்சியேயின் நாடியைப் பார்க்கின்றான். கருவுற்றிருக்கலாம் எனக் கணவன் கூறிய பின்னரும் துணிவு பெறாது, முகம் காண வேண்டுகின்றான். திரை விலகியதும் அவள் அழகில் அறிவிழக்கின்றான். கருவன்று, குருதிக் கட்டு என்று மருந்து எழுதுகின்றான். அன்றிரவே ஆண்கரு சிதைகின்றது. முறை ஒன்றே, பார்ப்பவர் வேறு. மூச்சை அடக்க ஓரிரவு காத்தவர் உண்மையைக் கண்டார். கண்ணை அடக்காதவன் ஓர் உயிரை அழித்தான்.

ஆகவே சாவ் சுவேசின் மருத்துவத்தைப் போற்றினாரா, இகழ்ந்தாரா என வினவுதல் பொருந்தாது. பிறர் துயரைப் படிப்பவன் தகுதியையே அவர் ஆராய்கின்றார். ஆயினும் சரியாகப் படித்த சாங் யோஷியாலும் சின் கெச்சிங்கைக் காத்தல் இயலவில்லை. மண்ணீரலுக்கு ஜின்செங் உண்டு. அவளை நலிவித்த குடும்பத்துக்கு அச்சீட்டில் மருந்து இல்லை. மருந்துச்சீட்டைத் தாண்டிச் செல்லும் வாசகர் இழப்பது இவ்வுண்மையையே என்க.