லாரி எஞ்சினைப் படகில் ஏற்றலாமா? கம்மின்ஸ் 5.9 டர்போ டீசல்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் பழைய 25, 30 அடி உல்லாசப் படகுகளின் பெட்ரோல் வி8 எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலுக்கு மாற நினைப்பவர்கள் பலரும் தேடிப் போவது கம்மின்ஸ் பி வரிசையின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினைத்தான். 1989-இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்தபோது அதன் திறன் 160 குதிரைத்திறன், முறுக்குவிசை ஏறக்குறைய 540 நியூட்டன் மீட்டர். இதே குடும்பத்து எஞ்சினைக் கம்மின்ஸ் நிறுவனமே படகுக்கென்று 210 முதல் 370 குதிரைத்திறன் வரை பல அளவுகளில் விற்றது. ஆகவே ‘லாரி எஞ்சின் தண்ணீருக்கு ஆகாது’ என்ற பேச்சு எடுபடாது. எஞ்சின் நல்லதுதான். லாரிக்குச் சொன்ன குதிரைத்திறனைப் படகுக்கும் அப்படியே எதிர்பார்ப்பதில்தான் கோளாறு.

சமதளச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் பிக்கப்புக்கு 40 குதிரைத்திறன் அளவே போதும். முழுத்திறனும் தேவைப்படுவது மேட்டில் ஏறும்போதும் முந்தும்போதும் மட்டும். அதுவும் சில நிமிடங்கள். தண்ணீரின் மேல் எழுந்து சறுக்கும் படகுக்கோ இறக்கமே கிடையாது. கரையை விட்டுக் கிளம்பினால் திரும்பும் வரை எஞ்சின் தன் திறனில் பாதிக்கு மேல் விடாமல் தந்துகொண்டே இருக்க வேண்டும். படகு எஞ்சின்களுக்குத் திறனோடு சேர்த்து உழைப்பு வரம்பும் குறிப்பது இதனால்தான். கம்மின்ஸின் உல்லாசப் படகுத் தரத்தில், எட்டு மணி நேர ஓட்டத்தில் முழு வேகம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. மற்ற நேரமெல்லாம் உச்ச வேகத்துக்குக் குறைந்தது 200 ஆர்.பி.எம். கீழே ஓட்ட வேண்டும். பம்பைத் திருகி 400 குதிரைத்திறன் எடுத்த பிக்கப் சாலையில் பல வருடம் தாங்கலாம். அதே எஞ்சினைப் படகில் வைத்தால், வெளியேறும் புகையின் வெப்பமே பிஸ்டனைத் தின்றுவிடும்.

அடுத்தது சூடு. லாரியில் எதிர்க்காற்று ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் குளிர்விக்கிறது. மூடிய எஞ்சின் அறையில் அந்தக் காற்று ஏது? கடல்நீரை இழுக்க ரப்பர் இம்பெல்லர் பம்பு, கூலன்டைக் குளிர்விக்க ஹீட் எக்ஸ்சேஞ்சர், டர்போவிலிருந்து வரும் காற்றுக்குத் தண்ணீரால் குளிரும் ஆஃப்டர்கூலர், நீருறை போட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், புகையோடு நீரைக் கலக்கும் வளைவுக்குழாய், இவற்றோடு படகுக்கான கியர்பாக்ஸும் வேண்டும். மலிவாகக் கிடைத்த எஞ்சினின் விலையை இந்தப் பட்டியலே பல மடங்காக்கிவிடும். இதில் எங்கே சிக்கனம் பிடித்தாலும் அந்த வளைவுக்குழாயில் மட்டும் கூடாது. அது நீர்மட்டத்துக்கு மேலே போதிய உயரத்தில் இல்லாவிட்டால் கடல்நீர் பின்வாங்கி டர்போவுக்குள் போகும், அங்கிருந்து சிலிண்டருக்கு. உப்புநீர் குடித்த டீசலைக் காப்பாற்றுவது அரிது.

இவ்வளவு செலவுக்கு எரிபொருள் மிச்சம் ஈடாகுமா என்று கேட்பது நியாயமே. தொடர்ந்து 150 குதிரைத்திறன் எடுக்க டீசலுக்கு மணிக்குச் சுமார் 28 லிட்டர் ஆகும். பழைய கார்புரேட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 50 லிட்டர். வருடத்துக்கு 100 மணி நேரம் ஓட்டினால் மிச்சம் 2,200 லிட்டர். வார இறுதியில் மட்டும் படகை எடுப்பவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. நெடுந்தூரம் மீன்பிடிக்கப் போகிறவருக்கே ஆகும். பாதுகாப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். டீசல் 52 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய ஆவியை விடும். அதற்காக டீசல் படகு எரியவே எரியாது என்று சொல்லிவிட முடியாது. உறையில்லாத டர்போவின் மேல் எண்ணெய் பீய்ச்சினால் போதும்.

நம் ஊர் விசைப்படகுகள் அசோக் லேலண்ட் எஞ்சினில் ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடுகின்றன. ஆனால் அவை தண்ணீரைக் கிழித்து மெதுவாகப் போகும் கனத்த படகுகள், குறைந்த ஆர்.பி.எம்.மில் நிதானமாக உழைக்கும் எஞ்சின்கள். என் வாதத்துக்கு அவையே சாட்சி.

கணினி இல்லாத, 12 வால்வு 5.9-ஐ 210 முதல் 250 குதிரைத்திறனுக்குள் வைத்து, கனமான, நேரான ஷாஃப்ட் கொண்ட படகில் பொருத்தினால் இந்த மாற்றம் நல்ல மாற்றம். டைமிங் கியர் பெட்டியில் உள்ள சிறு டவல் பின் அதிர்வில் நழுவிக் கியருக்குள் விழுவது இதன் பேர்போன குறை. எஞ்சின் வெளியே இருக்கும்போதே ஒரு சிறு தகட்டால் அதைத் தடுத்துவிடலாம். பெட்ரோலுக்கென்று செய்த ஸ்டெர்ன்டிரைவோடு இந்த முறுக்குவிசையைப் பூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கியர் பற்கள் தாங்காது. பொருத்தி முடித்ததும் டேங்கை நிரப்பி, ஆட்களை ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் தள்ளிப் பாருங்கள். எஞ்சின் தனக்குக் குறித்த ஆர்.பி.எம்.மைத் தொடவில்லை என்றால் புரொப்பெல்லரின் பிட்ச்சைக் குறைத்த பிறகே மறுபடி கடலுக்குப் போக வேண்டும்.