பேப்பர்ட்டின் பற்சக்கரமும் எங்கள் வீட்டு சிஎன்சியும்

பிள்ளைகளோடு சேர்ந்து எதையாவது கட்டுகிற அப்பாக்களிடம் பேசினால், ஐந்தாவது நிமிடத்தில் சீமோர் பேப்பர்ட் வந்துவிடுவார். 1980இல் வந்த அவருடைய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலை முழுக்கப் படிக்காதவர்கள்கூட முன்னுரையைப் படித்திருப்பார்கள். இரண்டு வயது ஆவதற்கு முன்பே கார்களின்மேல் பித்து, பிறகு பற்சக்கரங்கள்மேல் பித்து. பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாடும், இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாடும் அந்தப் பற்சக்கரங்கள் வழியாகத்தான் தனக்குப் புரிந்தன என்கிறார் பேப்பர்ட்.

நானும் அந்த முன்னுரையில் விழுந்தவன்தான். மகளுக்குப் பன்னிரண்டு முடிந்த கோடை விடுமுறையில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சிஎன்சி செய்வது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது யார் என்பது இந்த வாக்கியத்திலேயே இருக்கிறது, பாருங்கள். எம்டிஎஃப் பலகையில் சட்டம், 8 மி.மீ. லீட் கொண்ட ஸ்க்ரூ, ஸ்டெப்பர் மோட்டார்கள், ஒரு ஆர்டுயினோ ஊனோ, அதில் ஜிஆர்பிஎல். பத்தாவது நாள் அவள் சொன்னாள்: "இது உங்க மெஷின்ப்பா. நான் சும்மா ஸ்க்ரூ எடுத்துத் தர்றேன்." அடுத்த நாளிலிருந்து வராந்தா பக்கம் வரவில்லை.

அப்போதுதான் முன்னுரையைத் திரும்பப் படித்தேன். நாம் எடுத்துக்கொள்கிற பாடத்துக்கு நேர் எதிரானது அதில் இருக்கிறது. பற்சக்கரம் கற்றுக்கொள் என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்கிறார். குழந்தைகளுக்கெல்லாம் பற்சக்கரப் பெட்டி செய்து கொடுத்துவிடலாமே என்று யாராவது கிளம்பினால், விஷயத்தையே தவறவிட்டதாகும், ஏனென்றால் தான் பற்சக்கரத்தைக் காதலித்தேன் என்பதுதான் சாரம் என்கிறார். சரி, காதலை இன்ஸ்டால் செய்ய முடியாது. அப்படியானால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் என்ன செய்ய வேண்டும்?

பேப்பர்ட்டின் பதில், எதுவாகவும் மாறக்கூடிய கணினி. குழந்தை தனக்குப் பிடித்ததை அதில் செய்துகொள்ளும். லோகோ மொழியில் ஆமையை நகர்த்தும். ஆமை தவறாகப் போனால் தானே ஆமையாக நடந்து பார்த்துப் பிழையைத் திருத்தும். அழகான யோசனை. என் குறை இதுதான்: திரையில் ஊரும் ஆமை சொன்ன சொல் தப்பாது. முன்னால் நூறு என்றால் நூறு. ஆகவே பிழை என்பது எப்போதும் குழந்தையின் நிரலில்தான் இருக்கும். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்த பெரியவருக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டே தெரியாததுபோல நிற்பது ஒரு நடிப்பு. பிள்ளைகள் அதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். டிரைவர் போர்டுக்கு அடியில் மைக்ரோஸ்டெப்பிங்குக்கான ஜம்பர்களைப் போட மறந்திருந்தேன். ஜம்பர் இல்லாவிட்டால் மோட்டார் முழு ஸ்டெப்பாக ஓடும், காது கிழியும். உள்ளே பாட்டு சாதகம் பண்ணிக்கொண்டிருந்தவள் வெளியே வந்து, "அப்பா, அது சா பிடிக்குது" என்றாள்.

கணக்கு எளிது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. அதாவது ஒரு மி.மீ.க்கு 25 ஸ்டெப். நிமிடத்துக்கு 480 மி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 200 ஸ்டெப், 200 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட ஐந்து கட்டை, அவளுடைய சுருதி. இதிலிருந்து 9/8, 5/4, 3/2, 5/3, 2 என்று பெருக்கினால் ரி, க, ப, த, மேல் ஸ. வேகங்கள் 540, 600, 720, 800, 960. மோகனம் முழு எண்ணாகவே வந்து உட்கார்ந்ததில் எனக்கே ஆச்சரியம். அவள் ஜி91 போட்டு, அதாவது இப்போது இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரம் என்ற முறையில், ஸ்வரத்துக்கு அரை விநாடி வீதம் எழுதினாள். ஸ 4 மி.மீ., ரி 4.5, மேல் ஸ 8. ஆரோகணத்தில் 34 மி.மீ. வலது பக்கம் போகும் வண்டி, அவரோகணத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். பேப்பர்ட்டின் ஆமையேதான். இந்த இடத்தில் அவரிடம் எனக்குச் சண்டை இல்லை.

இப்போது இரண்டு பிழைகள். எழுதியதை ஓட்டுவதற்கு முன் ஒரு நீளமான ஸ மட்டும் வாசித்துப் பார்த்தாள். கீழிருந்து வழுக்கி ஏறி, முக்கால் விநாடிக்கு மேல் ஆன பிறகுதான் சுருதியில் நின்றது. காரணம் எனக்கு உடனே தெரியும்: ஜிஆர்பிஎல்லில் ஆரம்ப முடுக்கம் மிகக் குறைவு, விநாடிக்கு விநாடி 10 மி.மீ. "கமகம் மாதிரி நல்லாத்தான் இருக்குப்பா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அதை 500 ஆக்கிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மொபைலை எடுத்துக்கொண்டாள்.

பிறகு முழு ஆரோகணத்தை ஓட்டினோம். ஸ சரியாக வந்தது. ரி கொஞ்சம் மேலே. அதற்குப் பிறகு க, ப, த எல்லாம் அந்த ரியேதான். நான் முதலில் அவள் நிரலைத்தான் சந்தேகப்பட்டேன். வரி வரியாகப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தேன், கப்ளிங்கை முறுக்கினேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. "உங்களுக்கும் தெரியலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மொபைலைக் கீழே வைத்தாள்.

துப்பைப் பிடித்தது அவள் காது. "மேல சா ரொம்ப நீளமா வருதுப்பா, நான் அரை செகண்ட்தானே போட்டேன்?" உண்மைதான், கிட்டத்தட்ட ஒரு விநாடி இழுத்தது. 96 மி.மீ. தூரத்தை 960 வேகத்தில் ஓட்டி ஸ்டாப்வாட்சில் பார்த்தாள். ஆறு விநாடியில் முடிய வேண்டியது பதினொன்றரை விநாடி ஆனது. வகுத்தால் நிமிடத்துக்கு ஐந்நூறு. "கரெக்டா ஐந்நூறுன்னா யாரோ போட்ட நம்பர்ப்பா இது" என்றாள். செட்டிங் பட்டியலைத் திறந்தால் 110ஆம் எண்ணில் எக்ஸ் அச்சின் உச்ச வேகம், நிறுவும்போதே போட்டு வரும் மதிப்பு: 500.

பேப்பர்ட்டின் நூலில் இதற்கு இணையான ஒரு காட்சி இருக்கிறது. ஆசிரியருக்கும் பிழையின் காரணம் நிஜமாகவே தெரியவில்லை என்று புரிந்ததும் வியந்துபோகும் ஒரு குழந்தை. பாசாங்கு இல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து தேடுவது அங்கேதான் தொடங்குகிறது. என் வாசிப்பில் நூலின் இதயம் அந்தச் சின்ன இடம்தான். முன்னுரையின் பற்சக்கரத்தை அடுத்தபடியாகத்தான் வைப்பேன். ஆனால் பேப்பர்ட் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இந்த நிலைமை எப்போது அமையும், எப்போது அமையாது என்று கேட்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் பிரேசிலின் சாம்பா பள்ளிகளைப் பற்றி எழுதுகிறார். தேர்ந்தவரும் புதியவரும் ஒரே தளத்தில் ஆடிக் கற்கும் இடம். நல்ல படம்தான். ஆனால் தேர்ந்தவர் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்க வேண்டிய தருணம் அந்தப் படத்தில் இல்லை.

வீட்டில் கட்டிய சிஎன்சியில் அந்தத் தருணம் தானாக வருகிறது. பிழை நிரலில் இருக்கலாம், ஃபர்ம்வேரில் இருக்கலாம், தளர்ந்த ஒரு திருகில் இருக்கலாம். மோட்டார் ஒரு ஸ்டெப்பைத் தவறவிட்டாலும் கட்டுப்பாட்டு போர்டுக்குத் தெரியாது, போய்ச் சேர்ந்ததாகவே நினைத்துக்கொள்ளும். இருபது வருடம் சாஃப்ட்வேரில் இருந்தவனுக்கு இதில் பெரிய அனுகூலம் கிடையாது. அந்த வகையில் பேப்பர்ட் கேட்ட நிலைமையை அவருடைய திரை ஆமையைவிட இந்த எம்டிஎஃப் பெட்டி நன்றாகவே தருகிறது. ரெடிமேடாக வாங்கிய, சரியாக வேலை செய்கிற மெஷின் தராது. எல்லாம் தெரிந்த அப்பா பக்கத்தில் நின்றாலும் தராது.

மெஷின் இதுவரை உருப்படியாக வெட்டியது ஒரு பெயர்ப்பலகைதான். அதுவும் இரண்டு மூலைவிட்டங்களுக்கு 3 மி.மீ. வித்தியாசம். போன வாரம் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். உச்ச வேகம் 1000 என்று இருந்தது, அது நாங்கள் மாற்றியது. முடுக்கம் பழையபடி 10. நான் மாற்றவில்லை. கேட்டேன். "வழுக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருந்தது. நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.