உயிரணுவின் அகவாழ்வு (மூலக்கூறு அசைவூட்டம்): ஒரு திறனாய்வு

"உயிரணுவின் அகவாழ்வு" என்பது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு, உயிரணு உயிரியல் துறைக்காக எக்ஸ்விவோ நிறுவனம் 2006-ஆம் ஆண்டு உருவாக்கிய கணினி அசைவூட்டப் படமாகும். அழற்சி ஏற்பட்ட இடத்தில் இரத்தக்குழாய்ச் சுவரின் மீது உருளும் வெள்ளையணுவையும், அதனுள்ளே நடக்கும் செயல்களையும் இது காட்டுகிறது. இதில் புகழ்பெற்றது கைனசின் என்னும் புரதம் வரும் காட்சி. அது பெரிய உருண்டை போன்ற நுண்பையைச் சுமந்து, நுண்குழல் மீது இரண்டு கால்களால் நடந்து செல்கிறது. வகுப்பறை விளக்கக்காட்சிகளில் இக்காட்சி பரவலாகக் காட்டப்படுகிறது.

இப்படத்தின் சிறப்பு அதன் தெளிவு. பாடநூலில் அம்புக்குறிகளால் மட்டும் விளக்கப்பட்டதை மாணவர் இங்கே இயக்கமாகக் காண்கிறார். புரதங்களின் வடிவங்களுக்கு ஆய்வுகளில் கண்டறியப்பட்ட அமைப்புகளே அடிப்படை. கைனசின் இரு தலைகளையும் மாற்றி மாற்றி வைத்து நடக்கிறது என்பதும் ஆய்வு முடிவுடன் ஒத்துப்போகிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏடிபி மூலக்கூறு செலவாகிறது; சுமை 8 நானோமீட்டர் முன்னே செல்கிறது.

குறை, காட்டப்பட்டதில் இருப்பதைவிட விடப்பட்டதில் அதிகம். உயிரணுவின் உட்பகுதி வெற்றிடம் அன்று. அதன் கன அளவில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டைப் பெரிய மூலக்கூறுகள் நிரப்புகின்றன. எஞ்சிய இடத்தில் பெரும்பகுதி நீர். இவை அனைத்தும் வெப்பத்தால் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. கைனசினின் விடுபட்ட தலை அம்மோதல்களில் அலைக்கழிக்கப்பட்டு, அடுத்த பிணைப்பிடத்தைத் தற்செயலாகவே அடைகிறது. சில வேளைகளில் அது பின்னோக்கியும் அடி வைக்கும். ஏறத்தாழ 100 அடிகளுக்குப் பின் தடத்தை விட்டு நழுவிவிடும். படத்திலோ அது வழி தெரிந்த சுமைதூக்கியைப் போல நிதானமாக நடக்கிறது. உண்மையில் நொடிக்கு 100 அடிகள் வரை வைக்கக்கூடிய புரதம், கண்ணால் எண்ணக்கூடிய வேகத்தில் நகர்கிறது.

நீரையும் நெரிசலையும் நீக்காவிட்டால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பது நியாயமான வாதம். வேகத்தைக் குறைப்பதும் அவ்வாறே. ஆனால் நீக்கியதைப் பார்வையாளருக்குச் சொல்லாமல் விடுவது வேறு. அதனால் மூலக்கூறுகளுக்கு நோக்கம் உண்டு என்ற தவறான எண்ணம் மாணவர் மனத்தில் பதிகிறது. இதே கூட்டணி பின்னர் வெளியிட்ட புரத நெரிசல் பற்றிய படத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நடுங்குகின்றன. அப்படம் முதல் படத்தின் அளவுக்குக் கண்ணைக் கவர்வதில்லை. ஆனால் உண்மைக்கு அருகில் உள்ளது.

தம் விளக்கக்காட்சிக்கு அசைவூட்டம் தயாரிக்கும் மாணவருக்கும் இதே சிக்கல் எழுகிறது. விஎம்டி, கைமெராஎக்ஸ், பைமால் போன்ற மென்பொருள்களால் தரமான படங்களை உருவாக்குவது இன்று எளிது. 1920×1080 படப்புள்ளி அளவில், நொடிக்கு 30 சட்டகங்கள் என 10 நொடிக்கு 300 படங்களை வரைந்து எம்பி4 கோப்பாக்கினால் ஸ்லைடில் தடையின்றி ஓடும். ஆயினும் கூர்மையான படம் மட்டுமே தரம் ஆகாது.

இரண்டு இடங்களில் தவறு எளிதில் நுழைகிறது. முதலாவது, நடுக்கத்தைக் குறைக்கப் பல சட்டகங்களின் சராசரியை எடுப்பது. இதனால் இயக்கம் வழுவழுப்பாகும். ஆனால் வேகமாகச் சுழலும் அணுத்தொகுதிகள் சுருங்கி, பிணைப்பு நீளங்கள் பிழையாகத் தெரியும். இரண்டாவது, ஒரு புரதத்தின் தொடக்க, இறுதி வடிவங்களை நேர்கோட்டில் இணைத்து இடைச் சட்டகங்களை நிரப்புவது. அவ்விடைவடிவங்களை யாரும் ஆய்வில் கண்டதில்லை; சங்கிலிகள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்வதும் உண்டு.

இவற்றைக் கைவிட வேண்டியதில்லை. எந்த அமைப்புக்கோப்பு பயன்பட்டது, காலம் எத்தனை மடங்கு நீட்டப்பட்டது, நீர் மறைக்கப்பட்டதா, இடைவடிவங்கள் கணிப்பா என்பதை ஸ்லைடின் அடியில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். "உயிரணுவின் அகவாழ்வு" படத்தில் அத்தகைய ஒரு வரி கைனசின் காட்சியின் அடியில் இருந்திருந்தால், அதன் அழகு குறைந்திருக்காது. அதைப் பார்த்த மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது குறைந்திருக்கும்.