அல்லாதவை எல்லாம் ஓரினமா?

மீன்களை வகைப்படுத்தி ஆராய்வோர் நெடுங்காலமாகக் கைந்நூலாகக் கொண்டிருப்பது, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் நெல்சன் இயற்றிய 'உலகத்து மீன்கள்' என்னும் ஆங்கில நூல். முதற்பதிப்பு 1976இல் வந்தது. அதன் நான்காம் பதிப்பையும் (2006) ஐந்தாம் பதிப்பையும் (2016) அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும்.

நான்காம் பதிப்பில் 'பெர்சிஃபார்மீஸ்' என்றொரு பெருவரிசை உண்டு. பெர்ச் என்னும் மேனாட்டு நன்னீர் மீனால் வந்த பெயர் அது. அதனுள் 160 குடும்பங்கள். ஏறத்தாழ 10,000 இனங்கள். முதுகெலும்புள்ள உயிர்களுள் அதனினும் பெரிய வரிசை அன்று இல்லை. நாம் சந்தையில் காணும் கொடுவா, பாரை, சூரை, விரால் யாவும் அதனுள் அடங்கின.

இவற்றை இணைத்தது யாது? துடுப்பில் முள் இருத்தல் போன்ற அடையாளங்கள் கூறப்பட்டன. அவையோ அவ்வரிசைக்குப் புறத்தே நிற்கும் மீன்களுக்கும் உண்டு. தட்டைமீன், கடற்குதிரை எனத் தோற்றத்தால் வேறுபட்டவற்றை விலக்கியபின் எஞ்சியவையே அத்தொகுதி. அது ஒரே மூதாதையின் வழிவந்ததன்று என்பதை நெல்சனே மறைக்கவில்லை.

தமிழாசிரியர்க்கு இத்தகைய பகுப்பு புதிதன்று. உயர்திணை அல்லாதது அஃறிணை. இலக்கணத்துக்கு அது இன்றியமையாதது. ஆயின், கல்லும் களிறும் அஃறிணையாய் இருப்பதால் உறவாகிவிடுமா?

நெல்சன் 2011இல் மறைந்தார். டெரி கிராண்டே, மார்க் வில்சன் ஆகியோர் அவருடன் ஆசிரியராக விளங்கும் ஐந்தாம் பதிப்பு, 2013ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த மரபணு ஆய்வுகளைத் தழுவி அப்பெருவரிசையைப் பிரித்தது. சூரைக்கு ஒரு வரிசை. காற்றைச் சுவாசிக்கும் விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் மற்றொன்று. சூரையோடு சேர்க்கப்பட்டிருந்த மயில்மீன், பாரைக்கும் தட்டைமீனுக்குமே நெருங்கிய உறவென அவ்வாய்வுகள் காட்டின. ஆழ்கடலில் விரைந்து நீந்தும் வாழ்வே சூரைக்கும் மயில்மீனுக்கும் ஒத்த வடிவைத் தந்தது.

இத்திருத்தம் போற்றத்தக்கது. எனினும் குறை ஒன்று உண்டு. மரபணு காட்டும் உறவுகள் பலவற்றுக்குக் கண்ணாற் காணும் அடையாளம் எளிதிற் கிடைப்பதில்லை. வரிசைகளின் பட்டியல் நீண்ட அளவுக்கு, மாணவன் மீனைக் கையிலெடுத்து இன்ன வரிசை என்று துணியும் வழி வளரவில்லை. அடுத்த பதிப்பு நிரப்ப வேண்டிய இடம் இதுவே.

அதுவரை, பழைய பெருவரிசையை ஒரு குலமென மாணவர்க்கு உரைப்பதை விடுத்து, ஒப்புமை வேறு, உறவு வேறு என்பதை இம்மீன்களைக் கொண்டே விளக்குதல் ஆசிரியர் கடன்.