கணவாய் கடந்த சீசர்

கொழிஞ்சாம்பாறையில் வீசும் காற்று பாலக்காட்டுக் கணவாயின் காற்று. சேரநாட்டுக் கடற்கரையைக் கொங்குநாட்டோடு இணைத்த வாசல் இந்தக் கணவாய். கிழக்கே கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ரோம வெள்ளிக்காசுகள் 500க்கும் மேல் கிடைத்தன. பெரும்பாலும் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் வெளியிட்டவை.

திபேரியஸின் காசுதான் என்ன நேர்த்தி! நான்கு கிராமுக்கும் குறைந்த வெள்ளி. ஒருபுறம் இலைமாலை சூடிய தலை, சுற்றிலும் ‘தெய்வ அகஸ்டஸின் மகன்’ என்னும் இலத்தீன் எழுத்து. மறுபுறம் ஈட்டியும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். விரல்நகம் அளவில் ஒரு வம்சத்தின் முழுப் பெருமிதம்.

புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. வெட்டியவர் யாராயினும், அந்த ஒரு வீச்சில் காசு வெறும் பொன்னாகிறது. பேரரசின் ஆணை அதோடு முடிகிறது.