சீட்டின் கடைசி இரண்டு வரிகள்

2024 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துத் துறை, ஆப்வீ என்ற பன்னாட்டு மருந்துக் கம்பெனியின் இந்திய நிறுவனத்தைக் கண்டித்தது. 30 டாக்டர்களை பாரிஸுக்கும் மொனாகோவுக்கும் மாநாடுகளுக்கு அனுப்பி, போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் சுமார் 1.91 கோடி ரூபாய் செலவழித்ததுதான் குற்றம். செய்தியைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் பாரிஸைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. அந்த மாநாடுகள் புற்றுநோய்க்கோ இதயநோய்க்கோ நடந்தவை இல்லை. முகச் சுருக்கம், வயது தெரியாமல் இருப்பது, இந்த வகை. அந்தத் துறையில் கம்பெனி விற்பது போடாக்ஸும் ஜுவெடெர்மும்.

டாக்டருக்கும் மருந்துக் கம்பெனிக்கும் இருக்கும் பணத் தொடர்பைப் பற்றி நம் ஊரில் பேசினால், பேச்சு நேராக ஸ்டென்ட்டுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் போய்விடும். தோல் டாக்டர் பக்கம் யாரும் திரும்புவதில்லை. க்ரீம்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்பு. இந்த விஷயத்தில் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, பரிந்துரைக்கு விலை வைக்க மிகவும் வசதியான இடமே இந்த க்ரீம்தான் என்று தோன்றுகிறது. ஏன் என்று எழுதிவைக்கிறேன்.

தோல் டாக்டர் எழுதும் ஒரு சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே இரண்டு மூன்று வரி மருந்து: படர்தாமரைக்கு ஒரு மாத்திரை, பருவுக்கு ஒரு ஜெல். கீழே இரண்டு வரி: ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்க்ரீன். சில சமயம் ஃபேஸ்வாஷும் சேரும். எல்லாம் ஒரே பேனா, ஒரே கிறுக்கல். வாங்குவதும் ஒரே மெடிக்கல் ஷாப்பில்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இவை இரண்டு வேறு சரக்கு. மேலே இருப்பது மருந்து. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, அத்தியாவசியப் பட்டியலில் இல்லாத மருந்துக்குக்கூட ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்ற முடியாது. கீழே இருப்பது பெரும்பாலும் அழகுசாதனப் பொருள். அதற்கு இந்த வரம்பெல்லாம் கிடையாது. டியூப் மேல் என்ன எம்.ஆர்.பி. அச்சடித்தாலும் அதுதான் விலை. பல வீடுகளில் பில்லை எடுத்துப் பார்த்தால் மேல் வரிகளைவிடக் கீழ் வரிகளுக்குத்தான் அதிகம் போயிருக்கும்.

சரி, விலை அதிகம்னா தரமும் அதிகமா இருக்கும் இல்லையா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கரப்பான் உள்ளவர்களுக்கான மாய்ஸ்சரைசர்களைப் பற்றி 2017-இல் காக்ரேன் அமைப்பு ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. மாய்ஸ்சரைசர் போடுவதால் பலன் உண்டு. ஆனால் ஒன்று இன்னொன்றைவிட மேல் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு பிரிட்டனில் 550 குழந்தைகளை வைத்து, லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு என்ற நான்கு வகைகளையும் நேரடியாக ஒப்பிட்டார்கள். முடிவு 2022-இல் வந்தது. நோயைக் கட்டுப்படுத்துவதில் நான்குக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அரசு அமைப்பு, கம்பெனி இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு மருந்து இன்னொன்றைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்தால், டாக்டர் அதை எழுதுவதற்கு அந்தக் காரணமே போதும். எல்லாம் ஏறக்குறைய ஒன்று என்கிறபோது எதை எழுதினாலும் தவறில்லை. எழுதுகிறவரின் மனசாட்சியும் உறுத்தாது, நோயாளிக்கும் கெடுதல் வராது. அப்போது எந்தப் பெயர் கைக்கு முதலில் வரும்? நேற்று வந்த ரெப் சொன்ன பெயர், மேஜை மேல் இருக்கும் காலண்டரில் உள்ள பெயர், அலமாரியில் சாம்பிள் இருக்கும் பெயர். கம்பெனிக்குத் தேவை அவ்வளவுதான்.

சட்டம் என்ன செய்கிறது? எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. டாக்டர்கள் கம்பெனிகளிடம் பரிசு, பயணம், விருந்தோம்பல் வாங்கக்கூடாது என்று 2009-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. அதில் ஓட்டை இருந்தது. வாங்கும் டாக்டருக்குத்தான் தடை, கொடுக்கும் கம்பெனிக்கு இல்லை. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜிங்கோவிட் மாத்திரைக்காக டாக்டர்களுக்குக் கொடுத்த சுமார் 4.7 கோடி ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டி வரிக்கழிவு கேட்டார்கள். தங்கக் காசு, எல்.சி.டி. டிவி, ஃப்ரிட்ஜ், லேப்டாப் என்று தீர்ப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது, கல்யாண சீர்வரிசை மாதிரி. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. இந்த இலவசங்களின் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விடிகிறது என்பதையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கடுமையான புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. அதே மாதத்திலேயே நிறுத்தியும் வைத்தது. 2024 மார்ச்சில் மருந்துத் துறை ஒரு விற்பனை நெறிமுறை கொண்டுவந்தது. ஆப்வீ மாட்டியது இதில்தான். சாம்பிளுக்குக்கூட அதில் கணக்கு உண்டு: ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில் ஆண்டுக்கு 12 பேக்குக்கு மேல் கூடாது, மொத்த சாம்பிளின் மதிப்பு கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. படித்தபோது பரவாயில்லையே என்றுதான் நினைத்தேன். ஆனால் இதற்குச் சட்டத்தின் பல் கிடையாது. விசாரிப்பது பெரும்பாலும் கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் குழுக்கள். தண்டனை என்று பார்த்தால் கண்டிப்பது, சங்கத்திலிருந்து நீக்குவது போன்றவை. அதைவிட முக்கியம், இந்த விதிகள் பேசுவது மருந்தைப் பற்றி. சீட்டின் கடைசி இரண்டு வரிகள் அந்த வலையில் விழுவதே இல்லை.

எந்த டாக்டர் எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினார் என்று பெயர் போட்டுத் தேடிப்பார்க்க இந்தியாவில் பொதுப் பதிவேடு எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது. 2010 சட்டத்தின்படி உருவான ‘ஓபன் பேமென்ட்ஸ்’ தளம் 2014 செப்டம்பரில் திறந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுவரை அதில் ஏறும். அதைவைத்துத் தோல் டாக்டர்களைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

2014-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்து ஜாமா டெர்மடாலஜி இதழில் வந்த கட்டுரை ஒன்று: 8,333 தோல் டாக்டர்களுக்கு 3.4 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. ஆனால் நடுவில் நிற்கிற டாக்டர் அந்த ஆண்டு முழுக்க வாங்கியது 300 டாலருக்கும் குறைவு. மொத்தத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் மேல்தட்டில் இருக்கும் 10 சதவீதம் பேருக்கே போனது. எண்ணிக்கையில் பார்த்தால் பெரும்பாலானவை சாப்பாட்டுச் செலவு. பெரும்பணம் போவது மேடையில் பேசுகிறவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும். ‘டாக்டர்கள் எல்லாரும் காசு வாங்குறாங்க’ன்னு ஒரே வரியில் சொல்வது அதனால் சோம்பேறித்தனம். அதே சமயம், சின்ன டாக்டரின் சாப்பாட்டை ஒதுக்கிவிடவும் முடியாது. 2016-இல் வேறொரு ஆய்வு, மெடிகேர் திட்டத்தில் மருந்து எழுதிய சுமார் 2,80,000 டாக்டர்களைப் பார்த்தது. சராசரியாக 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாடு வாங்கியவர்கள்கூட அந்தக் கம்பெனியின் பிராண்டை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டினால்தான் எழுதினார்கள் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே எழுதுகிறவர்களைத் தேடித்தான் ரெப் போயிருக்கலாம். இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது சாம்பிளைப் பற்றிய 2014 ஆய்வு. பருவுக்கும் ரோசேசியாவுக்கும் மருந்து எழுதும் தோல் டாக்டர்கள் இரண்டு தரப்பு. ஒரு பக்கம், சாம்பிள் வாங்கும் டாக்டர்கள், நாடு முழுவதிலிருந்தும். இன்னொரு பக்கம், சாம்பிள் உள்ளே வரவே கூடாது என்று தடைபோட்ட ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை. முதல் தரப்பின் சீட்டில் 79 சதவீதம் பிராண்டு மருந்து. இரண்டாம் தரப்பில் 17 சதவீதம். பருவுக்காக ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் மருந்துச் செலவு அங்கே 465 டாலர், இங்கே 200 டாலர். ஒரே ஒரு மருத்துவமனையோடு நாட்டையே ஒப்பிடுவது சரியா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். நோயாளிகளின் வசதி, காப்பீடு எல்லாம் வேறாக இருக்கும். ஆனாலும் 79-க்கும் 17-க்கும் இடையே உள்ள தூரம் அதையெல்லாம் கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும் என்றே நினைக்கிறேன். இலவசமாகக் கிடைத்த சின்ன டியூபுக்கு யார் பணம் கட்டினார்கள் என்று இந்த இரண்டு எண்கள் காட்டுகின்றன.

அமெரிக்கப் பதிவேடு இவ்வளவு காட்டுகிறதே, அங்கே கடைசி இரண்டு வரிகள் என்ன ஆகின்றன? அங்கேயும் அதே ஓட்டைதான். டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும் மருந்து, அல்லது அரசின் அனுமதி நடைமுறைக்கு உட்பட்ட கருவி விற்கும் கம்பெனிகளே கணக்குக் காட்ட வேண்டும். வெறும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் மட்டும் விற்கிற கம்பெனிக்கு அந்தக் கடமை கிடையாது. இரண்டும் விற்கும் கம்பெனி என்றால் பொதுவாக எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வருமானத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே அந்த மருந்துகளிலிருந்து வந்தால், அவை சம்பந்தப்பட்டதை மட்டும் சொன்னால் போதும். ‘தோல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்று டப்பாவில் அச்சடித்து விற்கும் பொருள்களில் பலவற்றுக்குப் பின்னால் என்ன பணம் ஓடியது என்று, உலகத்திலேயே பெரிய பதிவேட்டை வைத்திருக்கும் நாட்டிலும் தேடிப்பார்க்க வழியில்லை. மருந்தில் விளக்கு போட்டார்கள், டாக்டரின் பெயர் நேரடியாக விளம்பர வாசகமாகிற இடத்தில் இருட்டு.

எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? அதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கெயின், லோவன்ஸ்டைன், மூர் ஆகிய மூவர் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஜாடியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று ஒருவர் ஊகிக்க வேண்டும், இன்னொருவர் அவருக்கு ஆலோசனை சொல்வார். ஊகம் கூடினால் ஆலோசகருக்கு லாபம். ‘எனக்கு இதில் லாபம் இருக்கிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட ஆலோசகர்கள் இன்னும் அதிகமாக ஏற்றிச் சொன்னார்கள். கேட்டவர்களோ அதற்கேற்ற அளவு குறைத்துக்கொள்ளவில்லை. ‘சொல்லிட்டோம்ல, இனி அவங்க பாடு’ என்ற மனநிலை. இன்னொன்று, அமெரிக்கப் பதிவேடு வந்த பிறகு மக்கள் தங்கள் டாக்டர்மேல் வைத்திருந்த நம்பிக்கை குறைந்ததாக 2019-இல் ஒரு ஆய்வு காட்டியது. காசு வாங்கிய டாக்டருக்கு மட்டும் இல்லை, வாங்காதவருக்கும்தான்.

நம் ஊரில் இந்த அவநம்பிக்கைக்கு விலை உண்டு. தோல் டாக்டரை நம்பாதவர் க்ரீம் போடுவதை நிறுத்துவதில்லை. மெடிக்கல் ஷாப்காரரிடமோ இன்ஸ்டாகிராமிடமோ போகிறார். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை முகம் வெளுக்க மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து வந்தவர்கள் எத்தனையோ பேர். இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கமேதான். 2018-இல் 14 ஸ்டீராய்டு க்ரீம்கள் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணைக்குள் வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் ‘டாக்டர் சொல்றதை நம்பாதே’ன்னு எழுத என்னால் முடியாது. மேல் வரிகளுக்கு டாக்டரைவிட்டால் ஆள் இல்லை.

டாக்டர்களின் பதிலும் எனக்குத் தெரியும்: ‘ஒரு பேனாவுக்கும் பிரியாணிக்கும் நான் மாறிவிடுவேனா?’ உண்மையாகவே அப்படி நம்பித்தான் சொல்கிறார்கள். 2001-இல் அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்களிடம் இதைக் கேட்டார்கள். கம்பெனிகளின் விளம்பரம் தன்னைப் பாதிக்காது என்றவர்கள் 61 சதவீதம். மற்ற டாக்டர்களையும் பாதிக்காது என்றவர்கள் 16 சதவீதம்தான்.

எனக்கு வேண்டியது சின்ன விஷயம். கடைசி இரண்டு வரிகளில் பிராண்டுக்குப் பதிலாகப் பொருளை எழுதலாம். ‘வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், குளித்த உடனே’, ‘எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் சன்ஸ்க்ரீன்’. வறண்ட கை கால்களுக்குச் சாதா பெட்ரோலியம் ஜெல்லி. எழுதவில்லை என்றால் நாமே கேட்கலாம்: “டாக்டர், இந்தக் கம்பெனியோடதுதான் வேணுமா, இல்ல இதே மாதிரி எதுவா இருந்தாலும் போதுமா?” குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டும் என்பதற்குச் சில சமயம் நல்ல காரணமும் இருக்கும்: ஒவ்வாமை, முகத்தில் பரு, குழந்தையின் தோல். அப்படி இருந்தால் அவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.